கண்டெய்னர் சோதனை, சீல் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் பக்கம் கிடங்கிலோ சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் கம்பெனியிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கம்பெனியில் கண்டெய்னர் பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் ஓர் எழுத்துத் தேர்வு, அப்புறம் யார்டில் ஒரு காலி கண்டெய்னரைச் சோதித்துக் காட்ட வேண்டும்.

கண்டெய்னரில் சோதிக்க வேண்டிய ஏழு இடங்களை எல்லாரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்: முன்சுவர், இடப்பக்கம், வலப்பக்கம், தரை, கூரை, கதவுகள் உள்ளும் வெளியும், கடைசியாக வெளிப்புறமும் அடிப்பகுதியும். எழுத்துத் தாளுக்கு அது போதும். யார்டில் நிற்கும்போது, இந்த இடத்தில் ஒருவன் சரக்கை ஒளிக்க நினைத்தால் எதை மாற்றியிருப்பான் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுக்கொண்டே போகவேண்டும். பரிசோதகர் பார்ப்பது அதைத்தான்.

முன்சுவர் என்றால் கதவுக்கு எதிரே உள்ள சுவர். போலிச் சுவர் வைப்பது பெரும்பாலும் அங்கேதான். 20 அடி கண்டெய்னரின் உள்நீளம் சுமார் 5.9 மீட்டர், 40 அடிக்கு சுமார் 12 மீட்டர், இந்த இரண்டையும் மறக்காதீர்கள், டேப் பிடித்து அளந்தால் அரை மீட்டர் குறைவது உடனே தெரிந்துவிடும். பிறகு சுவரைப் பல இடங்களில் தட்டிப் பாருங்கள், பலாப்பழத்தைத் தட்டுகிற மாதிரி சத்தத்தில் வித்தியாசம் கேட்கும். வெளியே தெரியும் காற்றுத் துளைகள் உள்ளேயும் தெரிகின்றனவா என்று பாருங்கள். கூரைக்கும் தரைக்கும் இதே கேள்விதான்: உயரம் குறைந்திருக்கிறதா, பலகை ஓரிடத்தில் மட்டும் புதிதாக இருக்கிறதா?

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொல்வார்கள். நம் ஊர் உச்சி வெயிலில் ஊசிமுனை அளவு துளை இருந்தாலும் இருட்டில் பளிச்சென்று தெரியும். ஆனால் தனியாக ஒருபோதும் உள்ளே போகாதீர்கள், கதவருகே ஓர் ஆள் நின்றே ஆகவேண்டும். பூச்சி கொல்ல நச்சுவாயு விட்டுப் புகையூட்டியதைச் சொல்லும் எச்சரிக்கை அட்டையோ மருந்து வாடையோ இருந்தால் காற்றோட்டம் விட்டுச் சோதித்து அனுமதி வரும்வரை காலே வைக்கக் கூடாது. வாடை இல்லை என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம், அந்த வாயுக்களில் ஒன்றான மெத்தில் புரோமைடுக்கு அநேகமாக வாடையே கிடையாது.

அதிகம் பேர் மதிப்பெண் இழப்பது கதவில். கதவைப் பூட்டிப் போடும் எண்ணிட்ட சீலை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வலக்கதவின் கைப்பிடியைப் பிடித்து வைத்திருக்கும் ரிவெட்டைப் பாருங்கள். அதைக் கழற்றினால் சீல் உடையாமல், எண் மாறாமல், கைப்பிடியோடு சேர்ந்தே விலகிவரும், கதவும் திறந்துவிடும். அப்புறம் அங்கே ஒரு போல்ட்டைப் போட்டுப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அதனால் விரலால் தடவிப் பாருங்கள்: சுற்றியுள்ளது வெயிலில் வெளுத்திருக்க, அந்த ஒரு தலை மட்டும் புதுப்பெயின்டில் மின்னுகிறதா, அடியில் மரை தட்டுப்படுகிறதா? கீல்களையும் பூட்டுக் கம்பிகளையும் இதே மாதிரி.

சீலைப் பொறுத்தவரை ஐஎஸ்ஓ 17712 என்ற சர்வதேசத் தரத்தில் மூன்று வகை உண்டு, ஏற்றுமதிக்குப் பொதுவாகக் கேட்பது உயர் பாதுகாப்பு வகை, அதன்மேல் 'எச்' என்ற எழுத்து இருக்கும். பூட்டிய பின் செய்ய வேண்டியது நான்கு: பார், எண்ணைச் சரிபார், இழு, திருகு. இதை வாயால் சொன்னால் போதாது, கையால் பலமாக இழுத்துக் காட்டுங்கள். சரக்கு ஏற்றி முடிந்தவுடனே பொறுப்பாளர் கையாலேயே சீல் ஏறவேண்டும், 'நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் அண்ணே' என்று லோரி ஓட்டுநரிடம் கொடுத்துவிடக் கூடாது. மீதி சீல்கள் பூட்டிய அலமாரியில், ஒவ்வோர் எண்ணும் பதிவேட்டில்.

எழுத்துத் தாளில் பெரும்பாலும் இந்தக் கேள்வி வரும்: சரக்குப் பத்திரத்தில் உள்ள சீல் எண்ணும் கதவில் உள்ள எண்ணும் வேறாக இருந்தால் என்ன செய்வீர்கள்? புது சீல் போடுவேன் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். வண்டியை நிறுத்தி, எதையும் தொடாமல் படம் எடுத்து, மேற்பார்வையாளருக்குச் சொல்லி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதவேண்டும். வண்டியை நகர்த்துவதா, கதவைத் திறப்பதா என்பது அவர் முடிவு.