இன்சல்ஸ்ட்ராஸேயில் பிறந்த இசை

ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு நவம்பர் மாதக் கடைசியில். மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ரொட்டிக் கடைப் பெண்மணி நாள்தோறும் ஒரே கேள்வியைக் கேட்பார். நானும் புரியாமலே தலையாட்டுவேன். ரொட்டியைத் துண்டு போட்டுத் தரவா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் நகர நூலகத்தின் இசைப் பிரிவிலிருந்து ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் பியானோ குவின்டெட் (பியானோவும் நான்கு தந்தி வாத்தியங்களும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இசைத்தகட்டை எடுத்து வந்தேன். பியானோ, வயலின், செல்லோ வாசிக்கும் மூவரான போஸார் ட்ரியோ குழுவினர், டால்ஃப் பெட்டல்ஹைமை இரண்டாம் வயலினுக்கும் சாமுவேல் ரோட்ஸை, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கும் சேர்த்துக்கொண்டு 1970களில் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்தது அது. இரவு பத்து மணிக்கு மேல் குடியிருப்பில் சத்தம் கூடாது என்பதால் ஹெட்போனில்தான் கேட்டேன்.

பாடகரின் நிழலாக வயலின் தொடர்வதைக் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. இதிலும் பக்கவாத்தியம் எது என்று தேடினேன். ஆரவாரமான தொடக்கம் தணிந்ததும், தாழ்ந்த குரலுடைய செல்லோ ஒரு சிறு வரியைச் சொல்லி நிறுத்த, வயோலா அதை வாங்கித் தன் போக்கில் பதில் சொல்கிறது. இந்தப் படைப்பில் பியானோ ஏறக்குறைய ஓய்வதே இல்லை. ஆனாலும் குழுவின் பியானோ கலைஞர் மெனாஹெம் பிரெஸ்லர் அந்த இருவரின் பேச்சை ஓரிடத்தில்கூட அமுக்கிவிடவில்லை. இரண்டாம் பகுதி, தயங்கித் தயங்கி அடியெடுத்து வைக்கும் இறுதி ஊர்வல நடை. நடுவில் எல்லாம் கொந்தளிக்கும்போது அந்த நடையை வயோலா தன் தோளில் ஏற்றிக்கொள்கிறது. நான் அதிக முறை திரும்பக் கேட்டது அந்த இடத்தைத்தான்.

ஷூமானும் பியானோ கலைஞர் கிளாராவும் 1840இல் மணமுடித்துக் குடியேறிய வீடு இதே ஊரில், இன்சல்ஸ்ட்ராஸே 18இல், இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே வாழ்ந்தபோதுதான், 1842 இலையுதிர் காலத்தில், சில வாரங்களுக்குள் இந்தக் குவின்டெட்டை எழுதி அவர் கிளாராவுக்குக் காணிக்கையாக்கினார். அந்த டிசம்பரில் தனியார் வீடொன்றில் வாசிக்க இருந்த நாளில் கிளாராவுக்கு உடல்நலமில்லாமல் போக, பியானோ பகுதியை இசையமைப்பாளர் மெண்டல்சன் முன்தயாரிப்பின்றி அப்படியே பார்த்து வாசித்தார். 1843 ஜனவரி 8 அன்று இந்நகரின் கெவாண்ட்ஹவுஸ் கச்சேரி அரங்கில் கிளாராவே வாசித்தார்.

பிரெஸ்லர் 1923இல் மக்டபர்க்கில் பிறந்தவர். இங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த ஊருக்குப் போய்விடலாம். 1938இல் நாஜிகள் யூதரான அவருடைய தந்தையின் கடையைச் சூறையாடினார்கள்; மறு ஆண்டு குடும்பம் நாட்டைவிட்டுத் தப்பியது, தப்பாத உறவினர் பலர் கொல்லப்பட்டார்கள். வேலைக்காக விரும்பி வந்த நான் என் தனிமையை அவருடைய இழப்போடு ஒப்பிட மாட்டேன். ஆயினும் தன்னைத் துரத்திய மண்ணின் இசையை அவர் இத்தனை கனிவோடு தொடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது.

கடைசிப் பகுதியின் முடிவில், முதல் பகுதியின் தொடக்க வரி திரும்பி வந்து புதிய வரியோடு ஃபியூகாக, அதாவது குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரியை எடுத்துத் தொடரும் அமைப்பாக, பின்னிக்கொள்கிறது. அதில் ஐந்து குரல்களையும் பிரித்துக் கேட்க எனக்கு இன்னும் பழகவில்லை. இசைத்தகட்டின் தவணையை மூன்றாம் முறையாக நீட்டித்திருக்கிறேன்.