பனியில் தள்ளிய கை, தண்ணீரில் இழுக்கப் பழகியது

முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு நான் முதலில் பழகியது பனிச்சறுக்கு. கீழே இரண்டு ஸ்கீ (சறுக்குப் பலகை), மேலே ஒரு சட்டம், அதில் உடம்பை இறுக்கிப் பிடிக்கும் இருக்கை, கையில் இரண்டு குட்டைக் கோல்கள். மூன்று குளிர்காலம் அதிலேயே ஓடியது. கோடைக்கு என்ன வழி என்று தேடினேன். அமெரிக்காவின் ஒக்ஸானா மாஸ்டர்ஸ் 2012 லண்டன் பாராலிம்பிக்கில் துடுப்புப் படகில் வெண்கலம் வாங்கி, 2014 சோச்சியில் பனிச்சறுக்கிலும் பதக்கம் வாங்கியவர். நார்வேயின் பிர்கிட் ஸ்கார்ஸ்டைனும் இரண்டிலும் பாராலிம்பிக்கில் இறங்கியவர். சரி, நானும் படகில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று முடிவெடுத்தேன்.

ஸ்கீயில் கோலை ஊன்றிப் பின்னால் தள்ளவேண்டும். படகில் துடுப்பை மார்புக்கு இழுக்கவேண்டும். தள்ளிப் பழகிய தோளுக்கு முதல் மாதம் முழுக்க வலி.

அதைவிடக் கடினமாக இருந்தது வகைப்பாடுதான்; உடம்பில் எது வேலை செய்கிறது என்று சோதித்து, யார் எந்தப் பிரிவில் போட்டியிடலாம் என்று முடிவுசெய்வது. கை, தோள் மட்டும் வேலை செய்தால் பிஆர்1. நடு உடம்பும் சேர்ந்தால் பிஆர்2. கால்களையும் பயன்படுத்த முடிந்தால் பிஆர்3. உட்கார்ந்து ஓடும் ஸ்கீயில் வெவ்வேறு வகையினர் ஒரே போட்டியில் ஓடலாம்; ஓடிய நேரத்தை வகைக்குரிய சதவீதத்தால் பெருக்கிச் சமன் செய்வார்கள். படகில் அந்தச் சலுகை இல்லை. என் வயிற்றில் கொஞ்சம் பலம் மிச்சம் இருந்தது. பிஆர்2 என்று எழுதிவிட்டால் அந்த வகையிலேயே பலம் குறைந்தவள் நான்தான். வகைப்பாட்டுச் சோதனைக்கு முந்தைய இரவு தூக்கமே வரவில்லை.

மருத்துவச் சான்றுகளைப் பார்த்த பிறகு மேசையில் படுக்கவைத்தார்கள். ஒவ்வொரு தசைக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மருத்துவர் தொப்புளுக்கு மேலே இரண்டு விரலை வைத்து, "தலையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். விரல் கொஞ்சம் கீழே நகர்ந்தது. மறுபடி தூக்கச் சொன்னார். அந்த இடத்தில் அவர் விரல் எனக்குத் தெரியவே இல்லை. இத்தனை வருடம் முடிந்ததைக் காட்டியே பழகியவளுக்கு, முடியாததையும் ஒளிக்காமல் காட்டவேண்டிய நாள் அது. கூட்டியும் காட்டக்கூடாது, குறைத்தும் காட்டக்கூடாது. வேண்டுமென்றே ஏமாற்றினால் தடை வரும். அப்புறம் எர்கோமீட்டரில் (தரையில் வைத்துத் துடுப்பு இழுக்கும் இயந்திரம்) இழுத்துக் காட்டினேன், தண்ணீரிலும் பார்த்தார்கள். பிஆர்1 கிடைத்தது, மறுபரிசீலனைக்கு உட்பட்டு.

இதற்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: போட்டியில் பயன்படுத்தும் அதே இருக்கை, அதே பட்டைகளோடு போங்கள். பழைய சான்றை நம்பிப் போகாதீர்கள். இருக்கை மாறும்போதெல்லாம் இறங்கியதும் கண்ணாடி வைத்துத் தோலைப் பாருங்கள். உணர்வில்லாத இடத்தில் சிவப்பைக் கண்தான் கண்டுபிடிக்கும். எனக்கு ஒரு புண் ஆறவே ஆறு வாரம் ஆனது.

பிஆர்1 படகில் நடு உடம்பு அசையாதபடி மார்பைச் சுற்றிப் பட்டை கட்டுவார்கள். இருபக்கமும் மிதவை இருந்தாலும் படகு கவிழ்ந்தால் பட்டையை உடனே கழற்றத் தெரியவேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் கவிழ்த்துப் பழகினோம். மூன்று முறை பட்டையின் நுனியைத் தடவித் தேடினேன். நான்காவது முறை கை நேராக அங்கே போனது, ஒரே இழுப்பில் கழன்றது. அன்று மாலையே முழு 2000 மீட்டரும் ஓட்டினேன்.