வெறும் மீடியாவையும் ஒருமுறை வீழ்படிவாக்கிப் பாருங்கள்

இட்லி மாவில் வளரும் லூக்கோனோஸ்டாக் மெசென்டிராய்டிஸுக்குச் சீனி கிடைத்தால் டெக்ஸ்ட்ரான் செய்யும். இப்படி பாக்டீரியா வெளியே விடும் பிசுபிசுப்புச் சர்க்கரைச் சங்கிலிகளுக்கு ஆய்வகத்தில் இ.பி.எஸ். என்று பெயர், அரசியல் வேண்டாம், எக்ஸோபாலிசாக்கரைடு. இது புற்றுசெல்லைக் கொல்கிறது என்று கட்டுரைகள் நிறைய வருகின்றன. முடிவைப் படிக்கும் முன் பொடி எப்படி வந்தது என்று பார்ப்பது நல்லது.

வழக்கமான முறை இது. மீடியாவில், அதாவது பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கரைசலில், 48 மணி நேரம் வளர்த்த கல்ச்சரை 10,000 ஜி-யில் (புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்கு விசையில்) 20 நிமிடம் சுற்றி, செல்களை நீக்க வேண்டும். தெளிந்த நீரில் ட்ரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை 10% வரும்படி சேர்த்து 4 டிகிரியில் வைத்தால் புரதம் இறங்கும். மறுபடி சுற்றி, மேல்நீரோடு இரண்டு மடங்கு குளிர்ந்த எத்தனால் ஊற்றி இரவு முழுக்க விட்டால் வெள்ளையாக நூல் திரளும். அதைத் தண்ணீரில் கரைத்து, 12–14 கிலோடால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) குறைவான சிறு மூலக்கூறுகளை வெளியே விடும் சவ்வுப் பையில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்து, உறைநிலையில் உலர்த்த வேண்டும்.

கோளாறு, இந்த வகை பாக்டீரியாவுக்கு வழக்கமாகப் பயன்படுத்தும் எம்.ஆர்.எஸ். மீடியாவில்தான். அதிலுள்ள ஈஸ்ட் சாற்றின் மன்னான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் எத்தனாலில் இறங்கும். சர்க்கரையை அளக்கும் ஃபீனால்–சல்ஃபூரிக் அமிலச் சோதனைக்கு இ.பி.எஸ்., மன்னான் இரண்டும் ஒன்றுதான். 490 நானோமீட்டரில் அதே ஆரஞ்சு நிறம். பாக்டீரியா போடாத மீடியாவையும் இதே படிகளில் கொண்டுபோனால் குட்டு வெளிப்படும். பொடி வந்தால், மீடியாவை முதலிலேயே 10 கிலோடால்டன் சவ்வில் வடித்து, கீழே இறங்கியதில் மட்டும் வளர்க்கலாம்.

அடுத்து எம்.டி.டி. சோதனை. உயிருள்ள செல்கள் எம்.டி.டி. சாயத்தை ஊதாவாக்கும்; அந்த நிறத்தை வைத்து எத்தனை செல் பிழைத்தது என்று கணக்கிடுவார்கள். பொடியைக் கலந்ததும் கிணற்றில் (செல் வளர்க்கும் தட்டின் சிறு குழியில்) உள்ள ஃபீனால் ரெட் என்ற அமிலம் காட்டும் சாயம் மஞ்சளானால், செல்லைக் கொல்வது மிச்சமிருக்கும் அமிலமாகவும் இருக்கலாம். பி.எச். 7.4-க்குத் திருத்திய பிறகே அளவிட வேண்டும். கிருமி நீக்க வடிக்கும் 0.22 மைக்ரான் ஃபில்டரில் பிசுபிசுப்பில் ஒரு பகுதி தங்கிவிடலாம். ஆகவே எடை போட்ட அளவை நம்பாமல், வடித்த பிறகு சர்க்கரையை அளக்க வேண்டும். செல் இல்லாத கிணறும் தேவை, ஏனென்றால் சில மாதிரிகள் தாமாகவே எம்.டி.டி-யை ஊதாவாக்கி, செத்த செல்லை உயிரோடு காட்டிவிடும். கடையில் வாங்கிய டெக்ஸ்ட்ரானும் சாதாரண செல்வகை ஒன்றும் ஒப்பிடப் பக்கத்தில் இல்லாத எச்.டி.-29 (மனிதப் பெருங்குடல் புற்றுசெல் வகை) முடிவை நான் ஒதுக்கிவிடுவேன்.

ஜப்பானில் 1977-இல் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்ற பி.எஸ்.கே. என்ற சர்க்கரைச் சங்கிலி–புரத மருந்து, வளர்ப்பில் எடுத்த காளான் இழையிலிருந்து வருவது. அதைக்கூட பெரும்பாலும் கீமோவோடு துணையாகத்தான் தந்தார்கள். நோயெதிர்ப்பைத் தூண்டுவதே அதன் முக்கிய வேலையாகக் கருதப்பட்டது. கிண்ணத்தில் மில்லிக்கு 2 மில்லிகிராம் ஊற்றுவது எளிது. இட்லி வழியாக அந்த அளவு ரத்தத்துக்குப் போகாது. இவ்வளவு பெரிய மூலக்கூறு குடல் சுவரை முழுசாகக் கடப்பது அரிது.