ஆர்மீனியனை ஈரானிய மொழின்னு நினைச்ச காலம்

ஐரோப்பாவுல இருந்து இந்தியா வரைக்கும் பரவியிருக்கற இந்தோ-ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைப் பத்திப் படிக்கறவங்க பெரும்பாலும் கிளைங்க பேரை மனப்பாடம் பண்ணிட்டு நிறுத்திடறாங்க. இந்தோ-ஈரானியன், பால்டோ-ஸ்லாவிக், ஜெர்மானிக், செல்டிக், இத்தாலிக், கிரேக்கம், அல்பேனியன், ஆர்மீனியன், அப்புறம் செத்துப்போன அனத்தோலியனும் தொகாரியனும். ஆனா ஒரு மொழி இந்தக் கிளைதான்னு எப்படி முடிவு பண்றாங்கங்கறதுதான் இதுல அசல் விஷயமே.

ஆர்மீனியனை எடுத்துக்கோங்க. 1875 வரைக்கும் அதை ஈரானிய மொழின்னுதான் அறிஞர்கள் சொல்லிட்டிருந்தாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது, பழைய ஈரானை ஆண்ட பார்த்தியர் காலத்துல உள்ள வந்த ஈரானியச் சொல்லுங்க அதுல அவ்வளவு கொட்டிக் கிடக்கு. அந்த வருஷம் ஹியூப்ஷ்மன்னு ஒரு ஜெர்மன் அறிஞர் கடன் வாங்கின சொல்லையெல்லாம் தனியா ஒதுக்கி வச்சுட்டு, மிச்சமிருக்கற சொந்தச் சொல்லுங்களோட ஒலி எப்படி மாறியிருக்குன்னு பார்த்தாரு. அது ஈரானிய வழியில போகவே இல்ல. ஆர்மீனியன்ல இரண்டுக்கு 'எர்கு'. லத்தீன்ல 'துவோ', சமஸ்கிருதத்துல 'த்வௌ'. மேலோட்டமா பார்த்தா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனா இந்தக் குடும்பம் முழுக்கப் பிறந்து வந்த மூலமொழியில சொல்லு 'த்வ்'னு ஆரம்பிச்சா ஆர்மீனியன்ல அது 'எர்க்'னு ஆகுது. நீளமானதுக்கு 'எர்கர்', அதுக்கு உறவான கிரேக்கச் சொல் 'தேரோஸ்'. பயத்தைக் குறிக்கற சொல்லுலயும் இதே கதைதான். கேக்க ஒரே மாதிரி இருக்கற சொல்லை விட, இப்படி ஆளே மாறிப்போயும் ஒழுங்கா மாறியிருக்கற சொல்லுதான் பலமான சாட்சி, ஏன்னா முதல் வகை கடனாவும் இருக்கலாம், தற்செயலாவும் இருக்கலாம்.

இன்னைய துருக்கியில ஒரு காலத்துல பேசின, அனத்தோலியன் கிளையைச் சேர்ந்த ஹிட்டைட் இன்னும் பெரிய அதிர்ச்சி. 1915-ல ஹ்ரோஸ்னின்னு ஒரு செக் அறிஞர் அது இந்தோ-ஐரோப்பிய மொழின்னு அறிவிச்சாரு. மூலமொழியில இருந்து மறைஞ்சுபோன சில ஒலிங்க இருந்திருக்கணும்னு 1879-லயே சொசூர்னு ஒரு சுவிஸ் மொழியியலாளர் கணக்குப் போட்டு எழுதியிருந்தாரு, அப்போ கையில ஒரு ஆதாரமும் கிடையாது, 1927-ல குரிலோவிச்னு ஒரு போலந்து மொழியியலாளர் பார்த்தா அந்த இடங்கள்ல பலதுல ஹிட்டைட்டுல 'ஹ' மாதிரி ஒரு ஒலி நிக்குது!

அதனாலதான் எல்லாக் கிளையும் ஒரே புள்ளியில இருந்து விரியற மாதிரி வரையற படம் எனக்குப் பிடிக்கறதில்ல. அனத்தோலியன்தான் முதல்ல பிரிஞ்சதுன்னு இன்னைக்குப் பெரும்பாலானவங்க ஒத்துக்கறாங்க. ஹிட்டைட்டுல ஆண்பால் பெண்பால்னு பிரிவே கிடையாது, உயிருள்ளது உயிரில்லாததுங்கற மாதிரி ரெண்டே வகைதான், பெண்பால்ங்கறது அது பிரிஞ்சு போனப்புறம் மத்த கிளைங்களோட பொது மூதாதை மொழியில உருவாச்சுன்னு பலர் சொல்றாங்க.