எங்கே விடலாம் என்று கேட்கிறார்கள்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையைப் போதைப் பழக்கத்துக்காகக் கூட்டி வரும் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள்: "எங்க மேடம் கொண்டுபோய் விடலாம்?" சிலர் கையில் ஏதாவது ஒரு போதை மீட்பு ஹோமின் விசிட்டிங் கார்டு இருக்கும். போன் செய்தால் வேன் வரும், நான்கு பேர் பையனைத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஆறு மாதத்தில் திருத்தி அனுப்புவார்கள் என்று சொந்தக்காரர் யாராவது சொல்லியிருப்பார். அந்த வேனைக் கூப்பிடாமல் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

அப்படித் தூக்கிக்கொண்டு போகப்பட்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். பெரியவர்களோடு ஒரே கூடத்தில் அடைத்து வைத்திருப்பார்கள். கஞ்சாவோடு போனவன் அங்கே மற்றவற்றைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவான். அதைவிட மோசம், அம்மா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்ற எண்ணம். வெளியே வந்த பிறகு வீட்டில் யாரிடமும் வாய் திறக்க மாட்டான்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவரைப் பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. அவர் சார்பில் பொறுப்பேற்றவரோ, அவர் நியமிக்கும் துணையாளோ சிகிச்சை முடியும்வரை கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளையென்றால் துணைக்கு இருப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். பிள்ளையைச் சேர்த்ததை 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். "விட்டுட்டுப் போங்க, போன்கூடப் பண்ணாதீங்க" என்று ஒரு இடத்தில் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், தப்பே இல்லை. மனநல மருத்துவர் எப்போது வருவார், என்ன மாத்திரை கொடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூடவே இருப்பது என்றால் என்ன என்பதை ஒரு லோடு ஆட்டோக்காரரிடம் பார்த்தேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பையன் பதினொன்றாம் வகுப்பு. நல்ல வெயில் காலத்தில் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கிலிருந்து தண்ணீர், கழுத்தில் புல்லரிப்பு. அம்மா சளி என்று நினைத்து, கஷாயம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு அது திமிராகத் தெரிந்திருக்கிறது. "நடிக்கிறான் மேடம், வேலைக்குப் போகச் சொன்னா இப்படித்தான்."

பெற்றோரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். பதின்வயதுப் பிள்ளையிடம் தனியாகப் பேசாமல் எதுவும் ஆகாது. "தம்பி, நீ சொல்றதை உன்னைக் கேட்காம வெளியே சொல்ல மாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். எதுவரைக்கும் காப்பாற்றுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு சொன்னால் அது துரோகமாகப்படும். கொஞ்ச நேரம் கழித்துப் பேசினான். சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போவானாம். ராத்திரி முழுக்க நின்றதில் கால் வலி, கூட வேலை செய்தவன் ஒரு மாத்திரை கொடுத்தான். டேப்பென்டடால். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத வலி மாத்திரை. வலிக்கு என்று ஆரம்பித்தது பிறகு ஊசியில் வந்து நின்றிருக்கிறது. அது இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "எலும்புக்குள்ள குடையும் மேடம்" என்றான். அந்தக் கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் சளியும் இல்லை, திமிரும் இல்லை, மாத்திரை கிடைக்காத உடம்பின் தவிப்பு.

அட்மிஷன் போட்டோம். ஊசி போட்டிருந்ததால் ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. பரிசோதனைகளும் எடுக்க வேண்டியிருந்தது. அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் கூடத் தங்கினார். வண்டி ஓடாவிட்டால் தவணை கட்ட முடியாது என்று முதலில் தயங்கினார், அப்புறம் மச்சானிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு வந்தார். மாத்திரை கொடுத்தாலும் முதல் சில ராத்திரிகள் கஷ்டம்தான். பையன் காலை உதைத்துக்கொண்டே கிடப்பான். அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார் என்று நைட் டியூட்டி சிஸ்டர் சொன்னார். போன மாதம் பெல்ட்டால் அடித்த அதே அப்பா. காலையில் என்னிடம், "இவ்வளவு வலிக்கும்னு தெரியாது மேடம். நடிக்கிறான்னுதான் நெனச்சேன்" என்றார். நான் எத்தனை மணி நேரம் கவுன்சலிங் கொடுத்திருந்தாலும் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து வரவழைத்திருக்க முடியாது. பையனை எங்கேயோ விட்டுவிட்டுப் போயிருந்தால் அவருக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

எல்லாருக்கும் கட்டில் தேவைப்படாது. கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலும் ஓ.பி.யிலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. தூக்கமின்மை, எரிச்சல், பசியின்மை இரண்டு வாரம் போல இருக்கும். அந்த நாட்களில் பையன் கத்தினால், பழக்கம் முற்றிவிட்டது என்று வீட்டில் பயப்படுவார்கள். விட்டதால் வரும் கத்தல் அது. பஞ்சர் ஒட்டும் சொலூஷன், ஒயிட்னர் முகர்வது இவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் இருக்கிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இதுதான்.

கடையில் கிட் வாங்கி வந்து வீட்டிலேயே சிறுநீர் பரிசோதனை செய்வதை நான் ஆதரிப்பதில்லை. தினமும் கஞ்சா புகைத்தவன் நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு பாசிட்டிவ் காட்டும். உண்மையிலேயே நிறுத்தியவன் அன்றைக்கு அடி வாங்குவான். அதற்கப்புறம் எதற்காக நிறுத்த வேண்டும்?

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம்தான் நிறையப் பேரைத் தாமதிக்க வைக்கிறது. சிகிச்சைக்கு வந்தார் என்பதற்காக யார் மீதும் வழக்கு வராது. எங்களிடம் சொன்னது ரகசியம், சட்டப்படியே. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறிய அளவு வைத்திருந்ததாக வழக்கில் சிக்கினாலும், தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அவருக்கு அது பாதுகாப்பு தருகிறது. சட்டம் கடுமையாக இருப்பது கொடுத்தவர் மேல்தான். சிறுவருக்குப் போதைப்பொருள் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டுவரை கடுங்காவல்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு அந்த அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்து, மருத்துவர் சொன்னதையே நானும் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. "ஒரே ஒரு தடவை" என்று முன்பு எடுத்த அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். அதனால் மறுபடி எடுத்துவிட்டால் ஒளிக்காமல் சொல்லும் தைரியம் அவனுக்கு வீட்டில் இருக்க வேண்டும். இதைப் பையன் முன்னாலேயே சொன்னேன். எடுத்தான், சில வாரம் கழித்து. அம்மாவிடம் சொன்னான். அடுத்த நாளே கூட்டி வந்துவிட்டார்கள். இதைத் தோல்வி என்று எழுதிக்கொள்கிறவர்கள் இந்த வேலைக்கு வரக் கூடாது.

பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். பள்ளியை இழந்த பிள்ளைக்கு மிச்சம் இருப்பது மாத்திரை கொடுத்த அந்தக் கூட்டம் மட்டும்தான் என்பதை எவ்வளவு சொன்னாலும் சிலருக்குப் புரிவதில்லை. பி.டி. சார் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டதால் அவன் தப்பித்தான்.

2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது நல்ல விஷயம். ஆனால் பதின்வயதினருக்கென்று தனி அறை எல்லா இடத்திலும் வர வேண்டும். எங்களிடம் இடம் ஒதுக்க ஒவ்வொரு முறையும் அல்லாட வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைகளை நினைத்தால் கவலை இன்னும் அதிகம். அவர்கள் ஓ.பி.க்கு வருவதே அபூர்வம். பெயர் கெட்டுவிடும் என்று பாட்டி ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள், படிப்பை நிறுத்திவிடுகிறார்கள், சில வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பித்துவிடுகிறார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கல்யாணம் செய்வது குற்றம் என்பது ஒருபுறம். அந்தப் பிள்ளையின் உடம்புக்கு இதில் எதுவும் மருந்தாகாது. மருத்துவமனை வாசலுக்கு வரத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், ராத்திரியும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே 14446 இருக்கிறது. இரண்டும் இலவசம்.