மையம் தெரியாத வட்டம்

பாடநூலில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவே மையம் புள்ளியாகக் குறிக்கப்பட்டிருக்கும். கையில் எடுக்கும் பொருளில் அப்படி எதுவும் இருப்பதில்லை. ஒரு தகர டப்பாவின் கொள்ளளவு எனக்குத் தேவைப்பட்டது. அதற்கு அடிப்பரப்பும், அடிப்பரப்புக்கு ஆரமும் வேண்டும். ஆனால் ஆரத்தை எங்கிருந்து தொடங்கி அளப்பது?

அளவுகோலைக் குறுக்கே வைத்து விட்டத்தை அளக்கலாம். வட்டத்தின் நாண்களிலேயே, அதாவது விளிம்பின் இரு புள்ளிகளை இணைக்கும் கோடுகளிலேயே, மிக நீளமானது விட்டம் என்பதால், அளவுகோலை மெல்ல நகர்த்தி, கிடைக்கும் அளவுகளுள் பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும். மையத்திலிருந்து அரை சென்டிமீட்டர் விலகிவிட்டாலும், பத்தரை சென்டிமீட்டர் விட்டத்தில் அரை மில்லிமீட்டர்தான் குறையும். இருந்தாலும் சுற்றளவிலிருந்து தொடங்குவதே எனக்குப் பிடித்த வழி: சுற்றளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், விட்டத்தில் அதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தவறு சேரும்.

சுற்றி அளப்பதற்குக் கயிற்றைவிடக் காகிதப் பட்டையே ஏற்றது. இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிற்றைச் சுற்றினால், அந்தத் தடிமன் பை (π, விட்டத்தைப் போல் சுற்றளவு எத்தனை மடங்கு என்று காட்டும் எண்) மடங்காகி, சுற்றளவு ஆறு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். முதலில் சணலைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் நான் இதை உணர்ந்தேன்.

பட்டை காட்டிய சுற்றளவு 33 செ.மீ. பையின் மதிப்பை 22/7 என்று கொண்டால் விட்டம் 10.5 செ.மீ., ஆரம் 5.25 செ.மீ. இந்தப் பின்னம் உண்மை மதிப்பைவிடச் சற்றே பெரியது. பை அதைவிடச் சிறியது என்பதையும் 3 10/71-ஐவிடப் பெரியது என்பதையும் 96 பக்கங்கள் கொண்ட பலகோணங்களைக் கொண்டு ஆர்க்கிமிடீஸ் நிறுவினார். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில்கூட, 22/7-ஆல் சுற்றளவில் வரும் பிழை ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுதான்.

பரப்பளவுக்கு ஆரத்தின் வர்க்கத்தைப் பையால் பெருக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்த காலத்தில், ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தைப் போட்டு, நான்கு மடங்கு விடையை எழுதிவிட்டு வந்தவன் நான். வட்டத்தை மையத்திலிருந்து பதினாறு துண்டுகளாக வெட்டி, ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்கிப் பார்த்த பிறகுதான் குழப்பம் தீர்ந்தது. அந்த அடுக்கு ஏறத்தாழச் செவ்வகமாகிறது. அதன் நீளம் சுற்றளவில் பாதி, அகலம் ஆரம். துண்டுகள் மெலிய மெலிய, விளிம்பின் வளைவுகள் நேர்கோட்டை நெருங்குகின்றன. ஆகவே பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் போதும்: 16.5 × 5.25 = 86.625 சதுர செ.மீ.

டப்பாவின் உயரம் 16 செ.மீ. என்பதால் கொள்ளளவு 1386 கன செ.மீ. என்று வந்தது. தண்ணீர் ஊற்றி அளந்தபோது 1370 மில்லிலிட்டர்தான் பிடித்தது. பட்டையை வெளிப்புறத்தில் சுற்றியிருந்தேன். தகரத்தின் தடிமனைக் கழிக்க மறந்துவிட்டேன்.