ஸ்டூலு, கொலுசு, இடுப்பு

ஜூன் 16, 2024, ஞாயிறு

மாசமா இருக்கேன், 18வது வாரம் ஓடுது. இன்னிக்கு கெஞ்சி லீவு வாங்கிட்டு வீட்ல இருக்கேன், ஜவுளிக்கடைல வேலை பாக்கறவளுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடைக்கறதே பெரிய பாக்கியம். காலைல 10 மணிக்கு கவுன்டர்ல நின்னா ராத்திரி 9 வரைக்கும் சேலைய எடுத்துப் போடு, விரிச்சுக் காட்டு, வேணாம்னதும் மடி, இதேதான். உக்கார சீட் குடுக்கணும்னு 2021லயே நம்ம தமிழ்நாட்டுல சட்டம் போட்டாங்க இல்லையா, எங்க கடைலயும் ஸ்டூல் வாங்கிப் போட்டாங்க, ஸ்டூல் நல்லாத்தான் இருக்கு, ஆனா சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வர்ற செருப்பு சத்தம் கேட்டா நாங்களே எந்திரிச்சு நின்னுக்கறோம். எந்திரின்னு ஒருத்தரும் சொல்லல.

நாள் முழுக்க நின்னுட்டுதானே இருக்கேன் மேடம், தனியா எதுக்கு நடக்கணும்னு டாக்டர்கிட்ட கேட்டேன். நிக்கறது வேற நடக்கறது வேறம்மா, நின்னா ரத்தம் கால்லயே தங்கும், நடந்தாதான் கெண்டைக்கால் பம்ப் அடிச்சு மேல அனுப்பும்னாங்க. வேற சிக்கல் இல்லாத கர்ப்பிணின்னா வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடம்பு அசையணுமாம், மொத்தமா வேணாம், பிரிச்சுப் பிரிச்சு. வேகம் எவ்வளவுன்னா, நடந்துட்டே பேச முடியணும், பாட முடியக்கூடாது. ரத்தம் பட்டாலோ, தண்ணி கசிஞ்சாலோ, தலை சுத்தினாலோ, நெஞ்சு வலிச்சாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ அங்கயே நிறுத்திட்டு நேரா வந்துரணும்.

அதனால நாளைலருந்து காலைல 6 மணிக்கு மூக்கனேரி கரை. சேலம் கன்னங்குறிச்சில இத்தனை வருஷமா இருக்கேன், ஏரிய பஸ்ஸு ஜன்னல்லருந்து பாத்ததுதான் அதிகம்.

ஜூலை 3, புதன்

ராத்திரி 2 மணிக்கு கெண்டைக்கால் புடிச்சு இழுத்துருச்சு, கத்தின கத்துல அவரு திருடன் வந்துட்டான்னு டார்ச்ச எடுத்துட்டு ஓடறாரு. முட்டிய நீட்டி வெச்சு கால் விரலை நம்ம பக்கமா மடக்கி இழுத்தா ரெண்டு நிமிஷத்துல விடுது. எனக்குத்தான் வயித்துக்கு மேல குனிய முடியல, அவரையே இழுக்க விட்டேன், தறி மிதிக்கற மாதிரி இழுக்கறாரு மனுஷன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஆடித் திருவிழாக் கூட்டம். கோட்டை மாரியம்மனுக்கு வர்ற ஜனம் பூரா அப்படியே கடைக்குள்ள வந்துட்டுப் போற மாதிரி இருக்கு. ராத்திரி வந்து பாத்தா கொலுசு காலைக் கடிச்சு ஒரு பள்ளம். எங்க கல்யாணத்துக்கு செவ்வாப்பேட்டைல எடுத்தது, காலைல ஒரு விரல் உள்ள போகும், ராத்திரி நகமே நுழையல. என் கால் வீக்கத்துக்கு இப்ப இதான் மீட்டர். சாயந்தரம் வீங்கி காலைல வடிஞ்சா பயமில்ல, மூஞ்சி கையெல்லாம் வீங்கினாலோ தலைவலி வந்து கண்ணு மங்கினாலோ மட்டும் உடனே பிரஷர் பாக்கணும்னு நர்ஸம்மா சொன்னாங்க. கவுன்டருக்கு அடில நின்னபடியே குதிகாலை ஏத்தி எறக்கறேன், கஸ்டமருக்குத் தெரியாது. ஸ்டூல்லயும் உக்காரப் பழகிட்டேன், செருப்பு சத்தம் வந்தாலும் அசையறதில்ல. ஒரு தடவை மொறைச்சாரு, வயித்தைப் பாத்தாரு, போயிட்டாரு.

படுக்கறதுலதான் அம்மாயியோட சண்டை. மல்லாந்து படுக்காத, இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் அப்படியே உருளாத, எந்திரிச்சு உக்காந்து திரும்பிப் படு, இல்லாட்டி புள்ளைக்கு கொடி சுத்திக்கும்ங்குது. டாக்டர் சிரிச்சுட்டாங்க. நீ உருள்றதால கொடி சுத்தாது, ஆனா மல்லாந்து படுக்காதன்னு சொன்னது சரி, இந்த மாசத்துக்கு மேல கர்ப்பப்பை முதுகுப் பக்கம் இருக்கற பெரிய ரத்தக்குழாய அமுக்கும், ஒருக்களிச்சுப் படு, முட்டிங்களுக்கு நடுவுல ஒரு தலகாணி வைன்னாங்க. காரணம் தப்பு, விஷயம் பாதி சரி. அம்மாயிகிட்ட பாதி சரின்னு சொன்னா நான் தொலைஞ்சேன், அதனால முழுசா சரின்னே சொல்லிட்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கடைல கடைசி நாள். பேறுகால லீவு 26 வாரம், அதுல 8 வாரத்தை பிரசவத்துக்கு முன்னாடி எடுத்துக்கலாம், நாளைலருந்து கணக்கு. தீபாவளி சீசன்ல போறியேன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. புள்ளைக்கு சீசன் தெரியுமா.

இடுப்பு எலும்பு ரெண்டும் தனித்தனியா கழண்டு வர்ற மாதிரி ஒரு வலி, டவுன் பஸ்ல ஏற ஒரு காலைத் தூக்கினா அடிவயித்துக்குக் கீழ வெட்டுது. பிரசவத்துக்குத் தயாராக மூட்டு நாரெல்லாம் இளகறதால சில பேருக்கு இப்படி வருமாம். கால அகட்டாம இருக்கணும், கார்ல ஏறினா முதல்ல சீட்ல உக்காந்துட்டு ரெண்டு முட்டியையும் சேர்த்து உள்ள திருப்பணும், பேன்ட் போடறதைக் கூட உக்காந்துட்டுதான். செஞ்சு பாத்தா நிஜமாவே பாதி வலி குறையுது.

அக்டோபர் 13, ஞாயிறு

பூஜைக்கு வந்த சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. குனிஞ்சு கூட்டு, உக்காந்து துணி துவை, தினம் பெரிய கோலமாப் போடு, சுகப்பிரசவம் ஆகும்னு ஒரு பெரியம்மா. இன்னொரு அக்கா, அசையவே அசையாதன்னு. ரெண்டு பேரும் ஒரே சோபால உக்காந்துக்கிட்டு சொல்றாங்க, ஒருத்தர ஒருத்தர் மறுக்கவும் இல்ல. நான் கோலம் போட்டேன், சின்னதா.

நவம்பர் 16, சனி

14ம் தேதி காலைல பொண்ணு பொறந்தா. 2.8 கிலோ. ஆபரேஷன்தான். கடைசி வரைக்கும் தலை திரும்பாம உக்காந்தமேனிக்கே இருந்துட்டா மகராசி.

நேத்து முதல் தடவையா எந்திரிச்சது பத்தி எழுதணும், ஏன்னா இதை யாருமே எனக்கு முன்னாடி சொல்லல. நேரா எந்திரிக்கப் பாத்தேன், வயித்தை ரெண்டாக் கிழிச்ச மாதிரி இருந்துச்சு. நர்ஸு ஓடி வந்து, அப்படி இல்லடாம்மா, முதல்ல முட்டிய மடக்கு, தோளும் இடுப்பும் சேந்து மரக்கட்டை மாதிரி பக்கவாட்டுல உருளு, இப்ப கால ரெண்டையும் கட்டிலுக்கு வெளிய தொங்கவிடு, மேல இருக்கற கைய ஊணித் தள்ளுன்னாங்க. மூச்ச அடக்காம விட்டுட்டே எந்திரிக்கணும். எந்திரிச்சுட்டேன்! பாத்ரூம் வரைக்கும் 12 அடி, எண்ணினேன். படுத்திருக்கும்போது பாதத்தை மேலயும் கீழயும் ஆட்டிட்டே இருக்கச் சொன்னாங்க, கால்ல ரத்தம் கட்டாம இருக்கறதுக்கு, சீக்கிரம் நடக்க வைக்கறதும் அதுக்குத்தான். இருமல் வந்தா சின்ன தலகாணிய தையல் மேல அணைச்சுப் புடிச்சுக்கிட்டு இருமணும்.

பாக்க வந்த பெரியம்மா, ஒழுங்கா குனிஞ்சு கூட்டியிருந்தா தலை திரும்பியிருக்கும்னு சொல்லிட்டு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துச்சு. 2019-21ல அரசாங்கம் எடுத்த கணக்குப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 45 பிரசவம் ஆபரேஷன்தான், அத்தனை பேரும் வீடு கூட்டாமயா இருந்தாங்க. ஆரஞ்ச தின்னுட்டு அப்புறம் அழுதேன். இத்தனை மாசம் ஏரிக்கரைல நடந்தது எதுக்குன்னு அவரும் கேட்டாரு, கிண்டலா இல்ல, நெசமாவே தெரியாமத்தான். ரெண்டாம் நாளே என்னால நடக்க முடிஞ்சதே அதுக்குத்தான்னு சொன்னேன், சொல்லும்போதுதான் எனக்கே புரிஞ்சுச்சு.

நவம்பர் 29, வெள்ளி

அம்மா வீடு. பத்தியம். பூண்டுக் குழம்பு நல்லா இருக்கு, லேகியம் சுமார், ஆனா தண்ணி விஷயத்துல பெரிய சண்டை. தண்ணி குடிச்சா புள்ளைக்கு சளி புடிக்கும், வயிறு பெருத்துரும்னு அம்மாயி ஒரு நாளைக்கு மூணு டம்ளர்னு அளந்து குடுக்குது. பால் குடுக்கறவளுக்கு தாகம் எப்படி எடுக்கும்னு அதுக்குத் தெரியாதா, அஞ்சு பெத்தது! தண்ணி இல்லாம மலச்சிக்கல் ஆகி, முக்க பயந்து, ரெண்டு நாள் நரகம். மூணாம் நாள் சொம்போட எடுத்துக் குடிச்சுட்டேன். இப்ப ஒவ்வொரு தடவை பால் குடுக்க உக்காரும்போதும் பக்கத்துல ஒரு சொம்பு.

இடுப்புக்கு கொதிக்கக் கொதிக்க தண்ணி ஊத்தறதும் வேணாம்னுட்டேன், தையல் காயணும்ல. பழைய நூல் சேலைல வயித்துக்கட்டு மட்டும் ஒத்துக்கிட்டேன். நடக்கும்போது தாங்கறதுக்கு சுகமாத்தான் இருக்கு, ஆனா மூச்சு முட்ட இறுக்கினா பாரம் கீழ அடிப்பக்கம்தான் இறங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, கட்டுக்குள்ள நாலு விரல் போற அளவுக்கு விடச் சொல்லிட்டேன். கர்ப்பப்பை எந்தக் கட்டும் இல்லாமயே 6 வாரத்துல தானா சுருங்கிக்குமாம்.

புள்ளைய விட கனமா எதையும் தூக்கக் கூடாதுங்கறதுல மட்டும் வீட்டுல எல்லாரும் ஒத்துமை. குடத்த மறைச்சு வெச்சிருக்காங்க.

டிசம்பர் 30, திங்கள்

6 வாரம் முடிஞ்சு செக்கப். புள்ள வெயிட், தடுப்பூசி, பால் பத்துதா, எல்லாம் கேட்டாங்க, எழுதினாங்க. எந்திரிக்கப் போறப்ப வெக்கத்தை விட்டு நானே சொன்னேன், மேடம் தும்மினா ஒண்ணுக்கு வந்துருது. கதவைச் சாத்திட்டு பிசியோதெரபி பண்ற அக்காவைக் கூப்ட்டாங்க.

அந்த அக்கா சொன்னது: ஒண்ணுக்கையும் காத்தையும் ஒண்ணா அடக்கற மாதிரி உள்ள இழுத்துத் தூக்கு, தொடை இறுகக் கூடாது, மூச்சு அடைக்கக் கூடாது. 10 எண்ணற வரைக்கும் புடிச்சு 10 தடவை, அப்புறம் டக்கு டக்குனு 10 தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. ஆரம்பத்துல மூணு நாலு எண்ணறதுக்குள்ள நழுவிரும், பரவால்ல. ஒண்ணுக்கு போயிட்டு இருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. தும்மல் வருதுன்னு தெரிஞ்சா அதுக்கு ஒரு நொடி முன்னாடியே இழுத்துப் புடி. ஆபரேஷன்தானே பண்ணாங்க, எனக்கு ஏன் கீழ தளரணும்னு கேட்டேன். ஒம்போது மாசம் சுமந்தது எந்தத் தசைன்னு திருப்பிக் கேட்டாங்க. 1948ல கீகல்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதினதாம் இது, அவர் பேர்லதான் கீகல் எக்சர்சைஸ்.

படுக்க வெச்சு தலையத் தூக்கச் சொல்லி தொப்புளுக்கு மேல விரல வெச்சுப் பாத்தாங்க, நடுவுல ரெண்டு விரல் எடைவெளி. மெதுவா சேந்துரும், இப்போதைக்கு நேரா எந்திரிச்சு உக்கார்ற மாதிரி எதுவும் செய்யாதன்னாங்க. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கும் காரணம் கண்டுபுடிச்சாங்க, புள்ளைய கக்கத்துல கட்டைவிரல விரிச்சு வெச்சு தூக்கறேன், அடில கைய ஏந்தி தூக்கணும். பால் குடுக்கறப்ப நான் குனியாம மடில தலகாணி வெச்சு புள்ளைய மேல கொண்டு வரணும்.

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

புள்ளையோட முதல் தடவையா ஏற்காடு, அத்தை வீடு. மலைப்பாதைல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கும் இல்லையா, எனக்கோ அந்த இழுத்துப் புடிக்கற பயிற்சில 10 நீளம் 10 குட்டை. முதல் 10 வளைவுக்கு நீளம், அடுத்த 10க்கு குட்டை. 7வது வளைவுல அவரு ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்க, வாந்தி வருதான்னு வண்டிய ஓரங்கட்டிட்டாரு.

வாசல்ல காப்பிக்கொட்டை காயப் போட்டிருந்துச்சு. மத்தியானம் புள்ள தூங்கினதும் அத்தைகிட்ட வளைவுக் கதைய சொல்லிச் சிரிச்சேன். அத்தை சிரிக்கல. கொட்டைய காலால கிளறி விட்டுட்டு நின்னவங்க, எனக்கும் அதைச் சொல்லிக் குடு கண்ணுன்னாங்க.

உன் வீட்டுக்காரன் பொறந்து 20 நாள்ல எஸ்டேட்டுக்குப் போயிட்டேன், மூட்டை தூக்கினேன், அப்பலருந்து அடி இறங்கிக் கிடக்கு, குனிஞ்சா வெளிய தட்டுப்படும், கையால உள்ள தள்ளிக்குவேன்னாங்க. அவருக்கு இப்ப 33 வயசு. மாமாவுக்குத் தெரியுமான்னேன். ஆம்பளைங்ககிட்ட இதைப் போய் சொல்லுவாங்களான்னாங்க. டாக்டர்கிட்டயும் சொன்னதில்ல.

இழுத்துப் புடிக்கறதை சொல்லிக் குடுத்தேன், ஆனா இவ்வளவு இறங்கினப்புறம் இது மட்டும் பத்தாது அத்தை, உள்ள தாங்கறதுக்கு வளையம் மாதிரி ஒண்ணு வெப்பாங்க, தேவைன்னா ஆபரேஷன், டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்னேன். காப்பி சீசன் முடியட்டும்னாங்க. 33 வருஷமா சீசன் முடியல. அடுத்த வாரமே கீழ கூட்டிட்டு வரச் சொல்லி அவர்கிட்ட சொல்லிட்டேன், எதுக்குன்னு கேட்டாரு, பொம்பளைங்க விஷயம், வண்டிய மட்டும் ஓட்டுங்கன்னேன்.

மார்ச் 24, திங்கள்

மறுபடி கடை. அத்தைக்கு வளையம் வெச்சாச்சு, புள்ள பகல்ல அவங்ககிட்டதான், வளையம் ஒத்துக்குதான்னு பாக்க மறுபடி வரச் சொல்லியிருக்காங்கன்னு ஒரு மாசம் கன்னங்குறிச்சிலயே தங்கியிருக்காங்க. கொலுசு இப்ப லூசா ஆடுது. 11 மணிக்கு ஒரு தும்மல் வந்துச்சு, முன்கூட்டியே புடிச்சுட்டேன், ஒண்ணுமில்ல. 12 மணிக்கு வந்தத கோட்டை விட்டுட்டேன், கொஞ்சூண்டு.

என் ஸ்டூல் மேல ஜாக்கெட் பிட்டு அட்டைப்பெட்டி மூணு அடுக்கி வெச்சிருந்தாங்க. செருப்பு சத்தம் கேட்டுச்சு. பெட்டிங்கள ஒவ்வொண்ணா முட்டிய மடக்கி எறக்கி, கீழ வெச்சுட்டு, உக்காந்து பில்லு போட ஆரம்பிச்சேன்.